இசை கேட்கும் அறையும் இரசிகர் உறவும்

இசையைப் பதிவுசெய்து, வேண்டியபோது மீண்டும் ஒலிக்கச் செய்யும் கருவியை அமெரிக்க அறிஞர் தோமஸ் எடிசன் 1877 ஆம் ஆண்டில் ஆக்கினார். அன்று தொட்டு இசையானது, பாடுவோன் இருக்கும் இடத்தையும் பாடும் வேளையையும் விட்டு நீங்கி, கேட்போன் இருக்கும் இடத்தை நாடி வரலாயிற்று. இம்மாற்றத்தின் பயனாக மேனாட்டு இல்லங்களில் தோன்றிய புதுமைகளுள் ஒன்று, இசைத்தட்டுக் கேட்பதற்கென்றே ஒதுக்கப்படும் தனியறை. வாசிப்பதற்கு நூலறை அமைந்தாற் போலக் கேட்பதற்கு அமைந்த அறை இஃது. தட்டைச் சுழற்றும் கருவி, விரியலாக்கி, இரண்டு ஒலிபெருக்கிகள், தட்டுகள் நிறைந்த அடுக்குகள், பெரும்பாலும் ஒரே ஒரு நாற்காலி என்பனவே அதன் உடைமைகள். ஓர் ஆர்வலர் தம்மையொத்த மற்றொருவரின் அறைக்குச் சென்று, சில மணி நேரம் அமர்ந்து கேட்டு மீளுதல் இவர்களிடையே நிலைபெற்ற வழக்கம். இவ்வழக்கம் வெறும் பொழுதுபோக்கோ, கருவிச் செருக்கோ, அன்றி இசை நுகர்ச்சியின் உண்மையான வடிவங்களுள் ஒன்றோ என்பது ஆராயற்பாலது.

இவ்வினாவை எழுப்புவோர் முதற்கண் எதிர்கொள்ள வேண்டியவர் இங்கிலாந்தின் இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிற்றன் (1913–1976) ஆவர். அமெரிக்காவின் கொலறாடோ மாநிலத்து அஸ்பென் நகரில், 1964 ஆம் ஆண்டு யூலை 31 ஆம் நாள், முதலாவது அஸ்பென் விருதை ஏற்று அவர் ஆற்றிய உரை பின்னர் சிறு நூலாகவும் வெளிவந்தது. அவ்வுரையிலே, ஒலிபெருக்கியே இசையின் முதற்பகை என அவர் துணிந்து கூறினார். கையில் இயந்திரம் ஒன்றிருந்தால் எவரும், எவ்விடத்தும், எவ்வேளையிலும் எத்துணை உயர்ந்த இசையையும் ஒலிக்கச் செய்யலாம். அதற்கு நம்பிக்கையோ கல்வியோ பயிற்சியோ வேண்டப்படுவதில்லை என்பது அவர் வருத்தம். இயேசுவின் திருப்பாடுகளைப் பற்றி மத்தேயுவின் சுவிசேஷத்தைத் தழுவிப் பாக் அமைத்த பேரிசை, கிறித்தவ ஆண்டின் ஒரே நாளுக்கென எழுந்தது. அதனை நினைத்த நேரத்தில் ஒலிக்கவும் இடையில் நிறுத்தவும் கூடிய நிலை, அவர் கருத்தில், இசையின் மதிப்பைக் குறைப்பதேயாம். இசையனுபவம் முழுமை பெறுவதற்கு இயற்றியவர், இசைப்பவர், கேட்பவர் என மூவர் வேண்டும் என்றும், கேட்பவரும் தம் பங்குக்கு உழைத்தல் வேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார். முன்னாயத்தம், ஒரு குறித்த இடத்துக்குப் பயணம், நுழைவுச்சீட்டுக்குப் பணம் சேர்த்தல், கேட்கப்போகும் இசையைப் பற்றி ஓரளவு கற்றறிதல் என்பன அவ்வுழைப்பின் கூறுகள். கல்விக்கும் நினைவைத் தூண்டுதற்கும் ஒலிபெருக்கி உதவும் என அவர் ஒப்புக்கொண்டாராயினும், உண்மையான இசையனுபவத்தின் பகுதியாக அதனை ஏற்றாரல்லர்.

இவ்வாறு கூறிய பிரிற்றனே ஒலிப்பதிவுக் கூடத்தில் நெடுங்காலம் உழைத்தவர். 1962 இல் கொவென்றிப் பேராலயத்தில் முதன்முதல் அரங்கேறிய அவரது ‘வார் றெக்வியம்’ என்னும் போர் இரங்கல் இசை, அவரது நெறியாள்கையிலேயே பதிவாகி 1963 இல் டெக்கா நிறுவனத்தின் தட்டாக வெளிவந்தது. சில மாதங்களுள் அது 2,00,000 படிகள் விற்பனையாயிற்று. இதனைக் காட்டி அவரை முரண்பட்டவர் எனக் குறை கூறுதல் எளிது. ஆயின் அது திறனாய்வாகாது. அவரது கூற்றைப் பகுத்து நோக்கின் அதனுள் இரு வேறு குற்றச்சாட்டுகள் பிணைந்து கிடத்தல் புலனாகும். கேட்போன் முயற்சியற்றவனாகின்றான் என்பது ஒன்று. இசைப்போன் கண்முன் இல்லை என்பது மற்றொன்று. முன்னையது மனிதரின் பழக்கம் பற்றியது. பின்னையது கருவியின் இயல்பு பற்றியது. பழக்கம் மாறக்கூடும், இயல்பு மாறாது. இசை கேட்கும் அறையை இவ்விரு குற்றச்சாட்டுகளின் முன்னும் தனித்தனியே நிறுத்திப் பார்த்தாலன்றி நேரிய முடிபு கிட்டாது.

அறையை அமைப்போர் தம் நோக்கமாகப் பெரும்பாலும் கூறுவது, மூலத்தை உள்ளது உள்ளவாறு ஒலிக்கச் செய்தல் என்பதே. இக்கொள்கைக்கு நீண்ட வரலாறு உண்டு. எடிசனின் நிறுவனம் 1915 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் அமெரிக்க நகரங்களில் ஒருவகைச் சோதனைக் கச்சேரிகளை நடத்தியது. பாடகி ஒருவர் மேடையில் இயந்திரத்தின் அருகில் நின்று பாடுவார். இடையிடையே வாயை மூடிக்கொள்வார். இயந்திரம் பாட்டைத் தொடரும். விளக்கை அணைத்துவிட்டு, பாடியது எது எனச் சபையோரைக் கேட்பதும் உண்டு. பாடகியர் தம் குரலை இயந்திரத்தின் அளவுக்கு அடக்கிப் பாடிய செய்தி பிற்காலத்தில் வெளியாயிற்று. 1954 இல் கில்பேட் பிறிக்ஸ் என்னும் ஒலிபெருக்கி உற்பத்தியாளர் இலண்டன் றோயல் பெஸ்ரிவல் மண்டபத்திலும், அடுத்த ஆண்டு நியூயோர்க் காணேகி மண்டபத்திலும், நேரில் இசைப்பதையும் பதிவையும் அடுத்தடுத்து ஒலிக்கச் செய்து மக்களை ஒப்பிடச் செய்தார். எட்கார் வில்சரின் நிறுவனம் பைன் ஆட்ஸ் நால்வர் குழுவைக் கொண்டு இத்தகைய ஒப்பீட்டுக் கச்சேரிகள் பலவற்றை நடத்தியது.

இச்சோதனைகள் கருவியின் திறமையை நிலைநாட்டின என்பதில் ஐயமில்லை. ஆயின் அவை கேட்போனிடம் விடுத்த வினா யாது? ‘இது மெய்யோ, போலியோ?’ என்பதே அது. அவ்வினாவுக்கு விடையிறுக்கச் செவியைத் தீட்டி இருப்பவன் சாட்சி சொல்ல வந்தவனே அன்றி இசை நுகர வந்தவன் அல்லன். இராகத்தின் விரிவோ, இரு கருவிகளின் உரையாடலோ அவன் மனத்தை எட்டாது. செவி ஏமாந்ததா இல்லையா என்பதே அவன் கவலை. இதுவே இசை கேட்கும் அறையைப் பற்றிய முதலாவது குறைபாடாம். சோதனைக் கூடத்துக்கு உரிய வினாவை இசையரங்குக்கு உரிய வினாவாகக் கொண்ட அறை, எத்துணைச் செலவில் அமைந்தாலும், பிரிற்றனின் குற்றச்சாட்டுக்கு விடையாகாது, சான்றாகவே அமையும்.

இனி, உள்ளது உள்ளவாறு ஒலித்தல் என்பது எவ்வளவுக்கு இயலும் என்பதும் நோக்கற்பாலது. ஒலிபெருக்கியிலிருந்து புறப்படும் ஒலி நேரே செவியை அடைவதோடு அமையாது சுவர், கூரை, தரை ஆகியவற்றிலும் தெறித்து வருகின்றது. ஹாவாட் பல்கலைக்கழகத்துப் பௌதிகவியலாளர் வொலஸ் சபீன் 1895 இல் இவ்வாராய்ச்சியைத் தொடங்கினார். அங்குப் புதிதாகக் கட்டப்பட்ட பொக் கலைக்கூடத்து விரிவுரை மண்டபத்தில் ஒருவர் கூறிய சொல் ஏறத்தாழ 5.5 செக்கன் வரை அடங்காது நின்று, பின்வரும் சொற்களோடு கலந்து பொருளைக் கெடுத்தது. சபீன் அயலிலிருந்த அரங்கொன்றின் இருக்கை மெத்தைகளை இரவு வேளைகளில் கொணர்ந்து பரப்பி, அவை ஒலியை உறிஞ்சும் அளவைக் கணித்தார். அறையின் கனவளவு கூடக் கூட ஒலி நெடிது நிற்கும். உறிஞ்சும் பொருள் கூடக் கூட விரைந்து அடங்கும் என்னும் விதி இவ்வாறு பிறந்தது. 1900 இல் திறக்கப்பட்ட பொஸ்ரன் இசை மண்டபம் இவ்விதியைத் துணைக்கொண்டு எழுந்ததேயாம். இவ்வாராய்ச்சியில் வெளியான ஓர் உண்மை ஈண்டைக்கு மிகவும் ஏற்றது. மனித உடலும் உடையும் கூட ஒலியை உறிஞ்சுவன. தாம் அணிந்த ஆடை மாறின் அளவும் மாறக் கண்ட சபீன், பின்னர் ஒரே வகை ஆடையையே அணிந்து சோதனை செய்தார். எனவே ஓர் அறையினுள் மற்றொருவர் வந்து அமர்வதே அவ்வறையின் ஒலியைச் சிறிதளவேனும் மாற்றுவதாகும்.

சிறிய அறையில் இவ்வாற்றல் வேறொரு வடிவத்திலும் தோன்றும். ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 1,130 அடி. 14 அடி நீளமுள்ள அறையொன்றில் செக்கனுக்கு ஏறத்தாழ 40 அதிர்வு என்னும் மீடிறனில், இரு சுவர்களுக்கிடையே நிலையான அலை உருவாகிப் பரிவு நிகழும். இது ‘டபிள் பேஸ்’ என்னும் பெரு வயலினின் மிகத் தாழ்ந்த சுரத்துக்கு அண்மையது. அப்போது சுவரோரத்தில் அமுக்க மாற்றம் மிகுதியாகவும் நடுவில் மிகக் குறைவாகவும் இருக்கும். ஆதலின் அச்சுரம் சுவரருகில் இருப்பவருக்கு முழக்கமாகவும், நடுவில் இருப்பவருக்கு இல்லாததே போலவும் தோன்றும். தட்டு ஒன்றே, கருவியும் ஒன்றே; இருக்கை வேறுபட இசையும் வேறுபடுகின்றது. ஆக்கன்சோ மாநிலத்தில் 1940 களில் போல் கிளிப்ஷ் ஆக்கிய ஒலிபெருக்கி, அறையின் மூலையில் வைக்கப்பட்டு அங்குள்ள இரு சுவர்களையுமே தன் ஊதுகுழலின் நீட்சியாகப் பயன்படுத்தியது. அறை இசைக் கருவிகளுள் ஒன்று என்பதை இதனினும் வெளிப்படையாகக் காட்டும் சான்று அரிது.

இவற்றிலிருந்து பெறப்படும் முடிபு யாதெனின், அறைதோறும் இசை வேறு என்பதும், தன் அறைக்குப் பழகிய செவி அதன் குறையை உணராது என்பதுமாம். ஈராண்டு ஒரே அறையில் கேட்டவர், அவ்வறை மிகுத்துக் காட்டும் சுரத்தை இயல்பெனவே கொள்வார். அது மறைக்கும் சுரத்தைத் தட்டிலேயே இல்லாததெனத் துணிவார். இம்மயக்கத்தைத் தீர்க்கும் மருந்து வேறோர் அறை. அன்றி, தன் அறைக்கு வரும் வேறொரு செவி. ஆதலின் ஒருவர் மற்றொருவரின் அறைக்குச் செல்லுதல் வெறும் உபசாரம் அன்று. தாம் நன்கு அறிந்த தட்டொன்றை உடன் கொண்டு செல்லும் வழக்கத்தின் பொருளும் இதுவே. தெரிந்த இசை தெரியாத அறையில் ஒலிக்கும்போது, இசை எது, அறை எது எனப் பிரித்துணரும் அறிவு பிறக்கின்றது. பல உரையாசிரியர்களின் உரைகளை ஒப்புநோக்கிய பின்னரே மூலத்தின் பொருள் தெளிவாதல் போன்றது இது.

பிரிற்றன் விதித்த நிபந்தனைகளை இனி இவ்வழக்கத்தோடு ஒருங்கு வைத்து நோக்கலாம். விருந்தினர் குறித்த நாளில் குறித்த நேரத்துக்குப் புறப்படுகின்றார். ஆகவே பயணம் உண்டு. எத்தட்டுகளை எவ்வரிசையில் கேட்பது என்பது முன்னரே சிந்திக்கப்படுகின்றது. ஆகவே ஆயத்தம் உண்டு. இசைத்தவர் யார், பதிவு எவ்வாண்டினது, இதே இசையைப் பிறர் எங்ஙனம் இசைத்தனர் என்பன பேசப்படுகின்றன. ஆகவே கல்வியும் உண்டு. நுழைவுச்சீட்டு இல்லையாயினும், அறையை அமைத்தவர் பல்லாண்டு சேர்த்த பொருளும் உழைப்பும் அங்கு உண்டு. இவற்றினும் சிறந்தது ஒன்றும் உண்டு. தனித்திருப்பவர் தட்டை இடையில் நிறுத்துவார், எழுந்து போவார், வேறொன்றை மாற்றுவார். அருகில் ஒருவர் அமர்ந்து கேட்கும்போது அவ்வாறு செய்ய மனம் கூசும். ஒருவர் மற்றொருவரின் அமைதியைக் காக்கின்றார். எவ்வேளையும் நிறுத்தத்தக்க இசை, நிறுத்தலாகாத இசையாக மீண்டும் மாறுகின்றது. கச்சேரி மண்டபத்தில் ஆயிரவரால் ஆவது இவ்வறையில் இருவரால் ஆகின்றது. இந்தியக் காவியக் கொள்கையினர் ஒத்த உள்ளமுடைய நுகர்வோனைச் ‘சகிருதயன்’ என அழைத்தனர். அத்தகையோர் இருவர் கூடுமிடத்து இயந்திரத்தின் முன்னும் சபை பிறக்கின்றது எனலாம்.

நாற்காலி ஒன்றே என்பது முன்னர்க் கூறப்பட்டது. அதன் காரணம் ‘ஸ்ரீரியோ’ எனப்படும் இருவழி ஒலிமுறை. 1931 இல் இங்கிலாந்தில் அலன் புளும்லைன் காப்புரிமைக்கு விண்ணப்பித்த இம்முறை, 1950 களின் பிற்பகுதியில் இசைத்தட்டு வாயிலாக இல்லங்களை அடைந்தது. இரு ஒலிபெருக்கிகளுக்கும் சமதூரத்தில் இருப்பவருக்கே வயலின் ஒருபுறமும் தாழ்சுரக் கருவி மறுபுறமும் குரல் நடுவிலுமாக இசைக்காட்சி விரியும். ஒருபுறம் ஒதுங்கியவருக்கு அக்காட்சி குலைந்து அண்மையிலுள்ள ஒலிபெருக்கியின் பால் சாயும். எனவே இவ்வறையின் அமைப்பே தனிமைக்கு இயைந்தது. இரண்டாமவருக்கு அங்கு உரிய இடமில்லை. பல்லாண்டு முயன்று கண்டறிந்த அவ்வோர் இருக்கையை விருந்தினருக்கு ஈந்து, வீட்டுக்குடையவர் ஒருபுறத்து முக்காலியில் அமர்வதே இவ்வார்வலரிடை நிலவும் மரியாதை. அவ்வேளையில் அவர் செவிக்கு எட்டுவது குறையுடைய இசையே. தாம் கேட்டு மகிழ்ந்ததைப் பிறர் கேட்டு மகிழ்தலைக் காண்பதே அவர் பெறும் இன்பம். கருவியின் கணக்கில் இது நட்டம். இரசனையின் கணக்கில் இதுவே அறையின் பெரும்பயன். விருந்தோம்பல் என்னும் பழைய அறம், தனியொருவர்க்கென அமைந்த நவீன அறையினுள்ளும் புகுந்து அதன் குறையை நிரப்புகின்றது.

எல்லா அறைகளும் இத்தகையன என்று கூறுதல் பொருந்தாது. விருந்தினரை அமர்த்திவிட்டு, தட்டொன்றின் முதற் கூற்றை மட்டும் ஒலிக்கச் செய்து, பின் மணியோசைக்கென ஒன்றும் இடிமுழக்கத்துக்கென ஒன்றுமாக மாற்றி மாற்றிக் காட்டி, கருவியின் விலையையும் உதிரிகளின் பெயரையும் அடுக்குவோரும் உளர். 1957 இல் இலண்டன் மேடையில் மைக்கல் பிளாண்டேர்ஸ், டொனல்ட் ஸ்வான் என்னும் இருவரும் பாடிய நகைச்சுவைப் பாடலொன்று, இசையை விடுத்து ஒலியை மட்டும் காதலிக்கும் இவ்வார்வலரையே எள்ளியது. அவ்வெள்ளல் நியாயமானதே. இரு அறைகளையும் வேறுபடுத்தி அறிய எளிய வழியொன்று உண்டு. விருந்தினர் மீண்டு செல்லும்போது அவர் உள்ளத்தில் நிற்பது கருவியின் பெயரா, இசையின் உருவமா என்பதே அது. நூலறையைக் கண்டு திரும்பியவர் அலுமாரியின் வேலைப்பாட்டை மட்டும் புகழின், அந்நூலறையைப் பற்றி அறிய வேண்டியதை அறிந்தாயிற்று.

அறையின் இப்பயன் தனி இல்லங்களோடு அடங்கியதன்று. யப்பானின் தலைநகராகிய தோக்கியோவில் 1926 இல் தொடங்கப்பட்டு, போருக்குப் பின் 1950 இல் மீளக் கட்டப்பட்ட ‘லயன்’ என்னும் கோப்பிக்கடை, பெரிய ஒலிபெருக்கிகளின் முன் இருக்கைகளை ஒரே திசை நோக்கி அடுக்கி, உரையாடலை விலக்கி, மேனாட்டு இசைத்தட்டுகளை ஒலிக்கச் செய்தது. தட்டும் கருவியும் வாங்க இயலாத மாணவர்க்கு இத்தகைய கடைகள் இசைப்பள்ளியாயின. மேற்கூறிய வில்சரின் நிறுவனமும் 1960 களில் நியூயோர்க்கின் பெரும் புகையிரத நிலையமொன்றில் இசையறை நடத்தியது. வருவோர் கேட்கலாம், ஆனால் அங்கு எதுவும் விற்கப்படவில்லை. இங்கிலாந்தின் கிராமபோன் சங்கங்களிலோ உறுப்பினர் ஒருவர் தட்டுகளைத் தெரிந்து விளக்கவுரை கூற, ஏனையோர் அமர்ந்து கேட்டனர். நாடும் வசதியும் வேறாயினும் இவை யாவற்றுக்கும் பொதுவானது ஒன்றே. இயந்திரம் ஒழித்துவிட்ட இடத்தையும் வேளையையும் மனிதர் தம் விருப்பத்தால் மீண்டும் உண்டாக்கினர்.

ஆயினும் பிரிற்றனின் இரண்டாவது குற்றச்சாட்டு எஞ்சி நிற்கின்றது. இசைப்பவர் அவ்வறையில் இல்லை. கேட்போரின் மௌனம் அவரை எட்டாது; அவர்தம் நெகிழ்ச்சி கண்டு அவர் ஒரு சுரத்தில் நீடிக்கப் போவதில்லை. நூறாம் முறையும் தட்டு முதன்முறை போன்றே ஒலிக்கும். கனடா நாட்டுப் பியானோக் கலைஞர் கிளென் கூல்ட் 1964 இல் கச்சேரி மேடையைத் துறந்தவர். 1966 இல் எழுதிய கட்டுரையில், பதிவே வருங்கால இசையின் இருப்பிடம் என்றும், வீட்டிலிருந்து கருவியை இயக்கும் இரசிகரும் படைப்பில் பங்கு கொள்வர் என்றும் அவர் வாதித்தார். இரசிகரை வெறும் ஏற்போராகக் கொள்ளாத அளவில் அவர் கூற்று வலிமையுடையது. ஆனால் கருவியைத் திருகுதல் இசைப்பவரோடு உறவாடுதல் ஆகாது. அறை மீட்டுத் தருவது கேட்போர் தமக்குள் கொள்ளும் உறவையே. கலைஞரோடு கொள்ளும் உறவையன்று. மூவருள் ஒருவர் இல்லாத குறையை எவ்வறையும் நிரப்பாது. ஆகவே கச்சேரிக்கு மாற்றாக அறையைக் கொள்ளுதல் தவறு. கச்சேரிக்குச் செவியைப் பண்படுத்தும் இடமாகக் கொள்ளுதல் தகும்.

பிரிற்றன் அஞ்சியதை இன்றைய நிலை பன்மடங்காக்கியுள்ளது. அவர் காலத்தில் ஒலிபெருக்கி அறையில் இருந்தது. இன்று அது சுருங்கிச் செவியினுள் புகுந்துள்ளது. கைத்தொலைபேசி ஒன்றால் உலகத்து இசையனைத்தையும் அழைக்கலாம். ஒரே வீட்டில் நால்வர் நால்வகை இசையில் ஆழ்ந்து, ஒருவர் கேட்பது மற்றவர் அறியாது இருத்தலும் இயல்பாயிற்று. இந்நிலையில் தட்டும் கருவியும் பழமையுற்றன எனினும், அவ்வறைகளில் வளர்ந்த வழக்கம் பழமையுற்றதன்று. அதற்குப் பெரும் பொருள் வேண்டியதுமில்லை. அமைதியான ஓரிடம், குறித்த ஒரு வேளை, நிறுத்தாது கேட்கத் துணிந்த இருவர் ஆகியனவே போதுமானவை. கல்லூரி ஒன்றில் ஆசிரியர் ஒருவர், கிழமைக்கு ஒரு மணி நேரம், மாணவர் சிலரைத் தம்முடன் அமர்த்தி ஒரே ஓர் இசையைத் தொடக்கம் முதல் முடிவு வரை கேட்கச் செய்வாராயின், ஒலிபெருக்கி அம்மணி நேரத்திலேனும் இசைக்குப் பகையாக அன்றித் துணையாக நிற்கும்.